பிரெஷ் மீன்

ஜூலை ஒன்பதாம் திகதி, வியாழக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். வானத்தில் மேகம் இல்லை. கச்சான் காற்று அப்போதே சுடத் தொடங்கியிருந்தது. காய்ச்சல் விட்டு ஐந்து நாளாகியும் மனைவி சோற்றில் கைவைக்கவில்லை. முதல்நாள் மாலைதான், "மீன் போட்ட புளியாணம் எண்டா ரெண்டு வாய் தின்னுவன்" என்றிருந்தாள். அதனால் மீன்காரரின் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டதும் வாசலுக்கு விரைந்தேன்.

"பிரெஷ் சேர், பிரெஷ்!" என்றார்.

ஒரு சூடை மீனை எடுத்துப்போய் அவளுக்குக் காட்டினேன். "ஐஸ் மணக்குது. கொண்டுபோங்க" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ராத்தாக்கு மீன் எழும்பி சலாம் சொல்லணும் போல!" என்று மீன்காரர் வண்டியை முறுக்கினார்.

பள்ளிக்கூடத்தில் நான் படித்தபோது 'பிரெஷ்' என்ற அந்தச் சொல் காற்றுக்கும் பூவுக்கும் உரியது. ஆற்றுநீரோடு சேர்ந்தால் உப்பில்லாதது என்று பொருள் தரும் என்று அறிந்து வியந்தேன். இப்போது பெட்டியில் அடைத்த பழச்சாற்றிலும் அதை அச்சடிக்கிறார்கள். வேலைவிட்டு வரும் மகன், "பிரெஷ் ஆகிட்டு வாறன் வாப்பா" என்று குளிக்கப் போகிறான். என் சிறுவயதில் மீனுக்கு அது தேவைப்படவில்லை. சாய்ந்தமருதுக் கடற்கரையில் கரைவலை இழுக்கக் கைகொடுத்தால் ஒரு கை மீன் தருவார்கள். சாரன் மடியில் கட்டிவந்தால் வயிற்றில் துடிக்கும். எத்தனை தரம் உம்மா கழுவினாலும் புளியாணத்தில் மணல் கடிக்கும்.

ஓட்டோ பிடித்து அதே கரைக்குப் போனேன். வலை பாதி வந்திருந்தது. விலைக்குக் கேட்டேன்.

"எல்லாம் ஏவாரிக்குச் சொல்லியாச்சி காக்கா. கயித்தில கைவெச்சாத்தான் கறிக்கு மீன்" என்று வலைக்காரர் சிரித்தார்.

எழுபத்துநான்கு வயதில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன்.

"காக்கா, தொங்காதீங்க, இழுங்க!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், மூச்சு இருந்திருந்தால்.

பதினொரு சூடை கிடைத்தது. உடுத்திருந்தது காற்சட்டை, மடியில்லை. முகம் துடைக்கும் லேஞ்சியை விரித்து அதில் முடிந்துகொண்டேன். ஓட்டோவில் அது என் கைக்குள் இரண்டு தரம் அசைந்தது.

மருமகள் ஆக்கிவைத்தாள். மனைவி ஒரு வாய் தின்றாள், நிறுத்தினாள். எனக்குப் பயமாகிவிட்டது.

"மண் கடிக்குது" என்றாள். பிறகு கோப்பையை நீட்டினாள். "இன்னம் கொஞ்சம் ஊத்தச் சொல்லுங்க."

மீன் இலவசம். ஓட்டோ போகவர அறுநூறு, என் இடுப்புக்குத் தைலம் நானூற்றெண்பது. ஆக, ஆயிரத்து எண்பது ரூபாய்.