பாண்டித்துரையின் அவசரம்

பாண்டித்துரையைத் திட்டுவதற்குக் கொச்சி மட்டாஞ்சேரியில் யாரும் தனியாக மெனக்கெட வேண்டியதில்லை. இங்கே தமிழனை மட்டம் தட்ட வேண்டுமென்றால் 'பாண்டி' என்பார்கள். இவனுக்குப் பெற்றவர்களே அதைப் பெயரில் வைத்து அனுப்பிவிட்டார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் முதல் நாள் ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு "எடா பாண்டி" என்று கூப்பிட, இவன் சந்தோஷமாக ஓடிப்போய், "என் பேர் எப்படிச் சேட்டா தெரியும்" என்று கேட்டானாம். திட்டியவர் அன்றைக்கு முழுக்க வேறு யாரையும் திட்டவில்லை.

நான் பிச்சுமணி. பிறந்தது வளர்ந்தது எல்லாம் இதே ஊர். யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுன் தெருவில் மொய்து இக்காவின் பழம்பொருள் கடையில் வேலை. விற்பதற்கு வேறு ஆள் இருக்கிறான். என் வேலை பொருளுக்கு வயதேற்றுவது. போன மாதம் ஆசாரி செய்து கொடுத்த மரப்பெட்டிக்குப் பாலில்லாத கட்டஞ்சாயா பூசி, பித்தளைப் பூணில் உப்புத் தண்ணீர் தெளித்து, கிடங்குக்குப் பின்னால் மழையில் போட்டுவைத்தால், ஓணத்துக்குள் அதற்கு முந்நூறு வயதாகிவிடும். மனிதர்களுக்கு இந்த வசதி கிடையாது. எனக்கு ஐம்பத்திரண்டு வயதாக ஐம்பத்திரண்டு வருஷம் பிடித்தது.

பாண்டித்துரை சின்னமனூர்க்காரன். வைட்டிலாவில் கட்டட வேலைக்கு வந்து, மேஸ்திரியிடம் வாய் கொடுத்து, அங்கிருந்து போர்ட் கொச்சியில் ஒரு சின்ன ஓட்டலுக்குத் தட்டெடுக்கப் போனான். அவனுடைய இங்கிலீஷ் அங்கே பொறுக்கியது. ஊர் சுற்ற வருகிறவன் காலையில் பலகாரம் சாப்பிடும்போது தன் ஊரைத் திட்டுவான், ராத்திரி பீர் குடிக்கும்போது அடுத்தவன் ஊரைத் திட்டுவான். தட்டெடுக்க நிற்கிறவன் காதில் இரண்டும் விழும். இப்படியே ஒரு வருஷத்தில் உலகத்துப் பெரிய ஊர்கள் எல்லாவற்றையும் பாண்டித்துரை தெரிந்துகொண்டான். பார்த்த ஊர் என்று கேட்டால் தேனியும் எறணாகுளமும்தான்.

பிறகு ராமபத்ரன் சேட்டனின் ஆட்டோ ஒன்றை வாடகைக்கு எடுத்து ஓட்ட ஆரம்பித்தான். ஏறுகிறவர்களிடம் முதல் கேள்வி, எந்த ஊர். அவர்கள் சொன்னதும் அவர்கள் ஊரை அவர்களுக்கே அறிமுகப்படுத்திவைப்பான். சொல்வது இங்கிலீஷில்தான். எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டியதை அப்படியே தருகிறேன்.

"பாரிசா? தெரியும். சாப்பாட்டுக் கடையில பரிமாறுறவன் நம்மள ஒரு பார்வை பார்ப்பான். அவன் தங்கச்சி கல்யாணத்துல கூப்பிடாம வந்து பந்தியில உக்காந்துட்ட மாதிரி இருக்கும்." வெனிஸ்காரர் ஏறினால், "உங்க ஊர்ல தண்ணி தெருவுக்கு வந்தா டிக்கெட் போட்டுக் காட்டுறீங்க. எங்க ஊர்ல வந்தா கட்டிலைத் தூக்கிச் செங்கல் மேல வைக்கிறோம். விவரம் பத்தல எங்களுக்கு." லிஸ்பன் என்றால் கொஞ்சம் உபசாரமாகப் பேசுவான். "ஐந்நூறு வருஷம் முந்தி யாரையும் வழி கேக்காம கடலைத் தாண்டி வந்தவங்க நீங்க. இப்பப் படகுத்துறைக்குப் போறதுக்குப் போனைத் திருப்பித் திருப்பிப் பாக்குறீங்களே, என்ன ஆச்சு?" நியூயார்க் என்றால், "எல்லாரும் அவசரமா ஓடுவாங்க. எங்கன்னு கேட்டா, காப்பி வாங்க."

வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தன் ஊரைத் திட்டக் கேட்பதற்காகக் கடல் தாண்டி வந்ததுபோலத்தான் இருக்கும் அவர்களைப் பார்த்தால்.

இதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அடுத்து எங்கள் ஊரையும் இதே தோரணையில் அறிமுகப்படுத்துவான். அதிலும் எங்கள் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பின்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வான்.

"இந்தப் பெட்டிக்கு முந்நூறு வயசும்பாங்க, நம்பாதீங்க. போன மழையில நனைஞ்சுக்கிட்டுக் கெடந்தப்ப நான் பாத்தேன், பச்சப்புள்ள. ஏதோ ராணி வச்சிருந்ததும்பாங்க. ராணி இல்ல, பிச்சுமணி. அவர் குடிச்சது போக மிச்ச டீயை இதுக்குத்தான் ஊத்துவார்."

நான் உள்ளே நின்று பல்லைக் கடிப்பேன். வந்தவர்கள் பெட்டியோடு நின்று படம் எடுத்துக்கொண்டு, என்னையும் பக்கத்தில் நிற்கச்சொல்லி ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பெட்டி போகாது. மொய்து இக்கா நல்ல மனிதர், ஆனால் அவருக்கும் பொறுமைக்கு ஒரு எல்லை உண்டு. தெருவில் உள்ள கடைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு ராமபத்ரன் சேட்டனிடம் போனார். ஸ்டாண்டுக்குச் செயலாளரும் அந்தச் சேட்டன்தான். மாதக் கடைசியில் பாண்டித்துரை வண்டிச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும், ஸ்டாண்டிலும் இடம் கிடையாது என்று முடிவாயிற்று.

அவன் மனைவி ரோஜாவும் மகளும் வந்து சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சுக்குக் கிடங்குக்குப் பின்னால் ஒரு அறை பிடித்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, இப்போதுதான் அது மலையாளத்தில் சண்டை போடுகிற அளவுக்கு வந்திருந்தது. வண்டி போனால் அறைக்கு வாடகை கிடையாது, மூவரும் சின்னமனூருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். ரோஜா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: "நான் இன்னொரு வாட்டி மூட்டை கட்ட மாட்டேன். நீங்க வாயைக் கட்டுங்க."

அந்த நேரத்தில்தான் எறணாகுளத்திலிருந்து போன் வந்தது. கப்பலில் வந்து இறங்குகிற வெளிநாட்டுக்காரர்களை ஊர் சுற்றிக் காட்டும் ஒரு கம்பெனியை நிஸா என்ற பெண் நடத்துகிறாள். இவன் வண்டியில் போன யாரோ அவளிடம் இவனைப் பற்றிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். நிரந்தர வேலை, கம்பெனியே வண்டி கொடுக்கும், ஸ்டாண்டும் வேண்டாம் செயலாளரும் வேண்டாம். ஆனால் முதலில் ஓட்டிக் காட்ட வேண்டும்.

போன் பேசிய கையோடு எங்கள் கடைக்கு ஓடிவந்தான். அவன்மேல் எனக்கு எரிச்சல் இருந்ததே தவிர, அவன் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. மலையாளம் அவனுக்குப் பாதிதான் வரும். மீதியைத் தமிழை மூக்கால் பேசிச் சமாளிப்பான்.

"அண்ணே, வியாழக்கெழமை வரச்சொல்லுது அந்தப் பொண்ணு. ஆனா அவசரமாம். ஒரே அவசரமாம். ரெண்டு தடவ சொல்லிருச்சு."

"கப்பல்காரங்களுக்கு நேரம் இருக்காதுல்ல. அவசரம்னா அவசரம்தான். நீ வளவளன்னு பேசாம சட்டுனு காட்டி முடிச்சிரு."

அவன் தமிழில் சொன்னான், நானும் தமிழாகவே கேட்டுக்கொண்டேன். அவள் மலையாளத்தில் அல்லவா பேசியிருப்பாள் என்று எனக்கு உறைக்கவே இல்லை. வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம் என்று இரண்டிலும் புழங்குகிறவனுக்கு வருகிற வியாதி இது. எந்தச் சொல் எந்த வாசல் வழியாக வந்தது என்று பார்ப்பதில்லை.

வியாழக்கிழமை நிஸா வந்தாள். கூடவே லண்டனிலிருந்து வந்த அக்கா தங்கை இருவர், இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. படகுத்துறையில் மூவரையும் ஏற்றிக்கொண்டு பாண்டித்துரை கிளம்பினான். கிளம்பினான் என்று சொல்வது சரியில்லை, பறந்தான். பக்கத்துக் கடையில் சாயா வாங்கிக்கொண்டு நான் வாசலில் வந்து நின்றபோது அரண்மனைப் பக்கமிருந்து அவன் குரல் கேட்டது.

"டச்சு அரண்மனை. கட்டினது போர்ச்சுகல்காரன். பேர் வாங்கினது டச்சுக்காரன். குடியிருந்தது ராஜா. அடுத்து."

எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது ஒரு சக்கரம் தரையில் இல்லை.

"ஜூ டவுன். ஜூ போயிட்டாங்க. டவுன் இருக்கு. அடுத்து. மிளகுக் கிடங்கு. மிளகு கப்பல்ல போச்சு. தும்மல் இருக்கு. அடுத்து."

எங்கள் கடை வந்தது. நான் சாயாவைக் கீழே வைத்துவிட்டுத் தயாராக நின்றேன். அவன் பிரேக்கைத் தொடவே இல்லை.

"பழைய சாமான் கடை. பழசு கடைக்காரங்க மட்டும். அடுத்து."

போர்ட் கொச்சிக்குப் போய், சீன மீன்வலைகளைச் சுற்றி, திரும்பி எங்கள் கடை முன்னால் வந்து நின்றபோது என் சாயா ஆறியிருக்கவில்லை. நிஸாவின் தலைமுடி முழுக்க முகத்தில் இருந்தது. கம்பியைப் பிடித்த கையை அவளால் எடுக்க முடியவில்லை.

"எந்தினா இத்ர திடுக்கம்?" என்றாள். எதற்கு இவ்வளவு வேகம் என்று கேட்கிறாள்.

"நீங்கதானே மேடம் அவசரம்னீங்க. ஒரே அவசரம்னீங்க."

நிஸா மலையாளத்தில் தொடங்கித் தமிழில் முடித்தாள். "ஒற்ற அவசரம் தராம்னு பறஞ்ஞு. ஒரே ஒரு சான்ஸ். சான்ஸ் தரேன்னு சொன்னேன்."

அப்போதுதான் எனக்குத் தலையில் குட்டியதுபோல உறைத்தது. மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. நமக்குத்தான் அது ஓட்டம். இந்த ஊரில் பிறந்தவன், மலையாளப் பேப்பரைத் தினமும் எழுத்துக்கூட்டாமல் படிக்கிறவன், நான் சொல்லியிருக்க வேண்டாமா.

பாண்டித்துரை வண்டியைவிட்டு இறங்கி எங்கள் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டான். "போச்சுண்ணே," என்றான். "வாய்ப்புக் கொடுத்தாங்க. அதுலேர்ந்து தப்பிச்சு ஓடியிருக்கேன் நான்." எப்போதும் ஊரைச் சிரிக்கவைக்கிறவன் முகத்தில் சிரிப்பு இல்லை என்றால் பார்க்கச் சகிக்காது.

ஆனால் லண்டன் அக்கா தங்கை இருவரும் வண்டிக்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அழுகை இல்லை, சிரிப்பு. வாழ்நாளில் எந்த ஊரையும் இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டதில்லை என்று அக்காக்காரி சொன்னாள். மிச்ச நேரத்தில் கப்பலுக்குப் போய்த் தூங்கலாமே என்று தங்கை சொன்னாள். நிஸா தலைமுடியை ஒதுக்கிக்கொண்டே அந்தக் கடைசிப் பேச்சை யோசித்தாள். வியாபாரம் தெரிந்த பெண். மறு வாரமே 'பறக்கும் மட்டாஞ்சேரி' என்று பெயர் வைத்து, புது வண்டியும் கொடுத்துவிட்டாள். நிபந்தனை ஒன்றுதான்: ஓர் இடத்துக்கு ஒரு வரி, வண்டி எங்கேயும் நிற்கக் கூடாது.

மூட்டை கட்டாமல் தப்பித்ததில் ரோஜாவுக்கு ரொம்பச் சந்தோஷம். ராமபத்ரன் சேட்டன் தன் மற்ற வண்டிக்காரர்களையும் கூப்பிட்டு, இனி யாரும் நிறுத்திப் பேசக்கூடாது, இதுதான் இப்போதைய முறை என்று சொல்லிவிட்டார். முன்னால் பேசியதற்காக ஒருவனை விரட்டப் பார்த்த அதே வாய்.

எங்கள் தெருவுக்கு வந்தது கேடு. முன்பெல்லாம் பாண்டித்துரை திட்டினாலும் வண்டி நின்றது. பத்துப் பேர் இறங்கினால், பெட்டியை விட்டுவிட்டு ஒரு குங்குமச் சிமிழாவது வாங்கிப் போவார்கள். இப்போது வண்டி வண்டியாக வெள்ளைக்காரர்கள் கையை ஆட்டிக்கொண்டு கடந்து போனார்கள். "பழைய சாமான் கடை. பழசு கடைக்காரங்க மட்டும். அடுத்து." இதை எல்லா வண்டிக்காரர்களும் மனப்பாடம் செய்துவிட்டார்கள். மழையில் கிடக்கிற பெட்டிகளுக்கு நிஜமாகவே வயதேற ஆரம்பித்தது.

ஒரு நாள் வேலை முடிந்து வந்த பாண்டித்துரை என் பக்கத்தில் நின்று சாயா குடித்தான். "பேச்சே மறந்துபோச்சுண்ணே. நேத்து ரோஜா கொழம்பு ஊத்துறா, நான் 'அடுத்து'ங்கிறேன். கரண்டியாலயே அடிக்க வந்துட்டா." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கிளாசைக் கீழே வைக்கும்போது சிரிப்பு இல்லை. அவன் நிறுத்திப் பேசாதது எனக்கும் என்னவோபோல் இருந்தது. மானத்தைவிட்டுச் சொல்கிறேன், 'ராணி இல்ல, பிச்சுமணி' என்று யாராவது சொல்லிக் கேட்க மாட்டோமா என்று ஏங்கிப்போனேன்.

போன செவ்வாய்க்கிழமை, தெருமுனையில் அவன் வண்டிச் சத்தம் கேட்டதும் மொய்து இக்கா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுத்தெருவில் போய் நின்றார். இரண்டு கையையும் விரித்தார். அறுபது வயது மனிதர். பாண்டித்துரை பிரேக்கை மிதித்தான். வண்டி அவர் வேட்டியைத் தொட்டுக்கொண்டு நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"எடா மோனே," என்றார் இக்கா. "ஞங்ஙளுக்கும் ஒரு அவசரம் தாடா."

பாண்டித்துரை அவரை ஏற இறங்கப் பார்த்தான். "தமிழ் அவசரமா இக்கா, மலையாள அவசரமா? தமிழ் அவசரம்தான் தெனமும் குடுத்துக்கிட்டிருக்கேன்."

இக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன்.

"மலையாளம்," என்றார்.

"நிஸா மேடம் கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்."

"ஞான் பறஞ்ஞோளாம்." நான் சொல்லிக்கொள்கிறேன் என்கிறார்.

அவன் எஞ்சினை அணைத்தான். தெரு திடீரென்று அமைதியாகிவிட்டது. பின்பக்கம் திரும்பிச் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டு, தொண்டையைச் செருமி, வண்டியில் இருந்த மூன்று பேரிடமும் ஆரம்பித்தான். இந்தப் பெட்டிக்கு முந்நூறு வயசும்பாங்க, நம்பாதீங்க. போன மழையில் நான் பார்த்தேன், பச்சப்புள்ள. அவன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர்கள் சிரித்துக்கொண்டே இறங்கிவந்து பெட்டியைச் சுற்றி நின்றார்கள். மொய்து இக்கா தன் கடை வாசலில் கைகட்டி நின்று, தன் கடையைத் திட்டுவதை முழுசாகக் கேட்டார். நடுவில் ஒரே ஒரு தடவைதான் குறுக்கே பேசினார்.

"பதுக்கெ பறையடா," என்றார். "மெதுவாச் சொல்லு. அவங்களுக்கு மனசிலாவட்டெ."