சொல்வதற்கு ஒன்றுமில்லாத புத்தகம்

துரைக்கண்ணு இறந்த செய்தி வந்த அன்று மாலையே எங்கள் வாசகர் வட்டத்தின் செயற்குழு அவசரமாகக் கூடியது. நீண்ட விவாதத்துக்குப் பிறகு, இந்த மாதக் கூட்டத்தில் வெங்காய போண்டா வழங்குவதில்லை என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. தேநீர் துக்கத்துக்கு முரணானதா என்ற கேள்வி வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. தேநீர் ஒரு வாக்கில் தப்பியது. செயற்குழுவில் இப்போது மூன்று பேர்.

செய்தியை அவர் மகள் அவருடைய எண்ணிலிருந்தே வாட்ஸப் குழுவுக்கு அனுப்பியிருந்தாள். அதற்கு நேர் மேலே, முந்தின நாள் அவர் அனுப்பியது இருந்தது: “நாவல், பக்கம் 212இல் கதாநாயகன் இடக்கையால் எழுதுகிறான். பக்கம் 40இல் வலக்கை. கவனிக்கவும்.” குமணன்சாவடி சிக்னலில் நின்றபடி இரண்டையும் படித்தேன். பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்த பிறகுதான் நகர்ந்தேன்.

ஒவ்வொரு ஆண்டும் விருதுகளின் குறும்பட்டியலில் வரும் நாவல், கவிதை, கட்டுரை நூல்களைப் படித்துப் பாராட்டுவது எங்கள் வட்டத்தின் நோக்கம். விதிமுறையின் முதல் வரியே அதுதான். துரைக்கண்ணு அந்த விதிமுறையில் இரண்டு எழுத்துப்பிழைகளைக் காட்டிவிட்டு உறுப்பினரானார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பம்பு கம்பெனியில் முப்பது ஆண்டுகள் தரப் பரிசோதகராக இருந்தவர். பழுதான உதிரிபாகத்தில் சிவப்புச் சீட்டு கட்டுவது அங்கே அவர் வேலை. ஓய்வு பெற்றதும் மிச்சமிருந்த சீட்டுகளை இலக்கியத்துக்குப் பயன்படுத்தினார். அவர் படித்து முடித்த புத்தகம் சேவல் கொண்டை போல் இருக்கும்.

கூட்டம் நடப்பது ஒரு டியூஷன் சென்டரின் மாடியில். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான பெஞ்சுகள் என்பதால், எந்த நூலையும் நாங்கள் முட்டி வலிக்காமல் பாராட்டியதில்லை. அங்கே ஒருமுறை, குறும்பட்டியலில் இடம்பெற்ற இளம் நாவலாசிரியர் ஒருவர் வந்திருந்தார். கடைசி அத்தியாயத்தில் கதாநாயகன் செம்பரம்பாக்கம் ஏரியில் மூழ்கிச் சாகிறான். துரைக்கண்ணு எழுந்தார்.

“தம்பி, நீ எழ்தின எடத்துக்கு பஸ் புட்சி போய்ப் பாத்தேன். நீ சொன்ன அதே சித்திரை மாசம். முட்டிக்கால் தண்ணி. அங்க சாவணும்னா படுத்துக்கினுதான் சாவணும்.”

“அது குறியீடு சார்.”

“குறியீடா இருந்தா இன்னா? ஆழம் வேணும்ல?”

அந்த ஆண்டு விருது அந்த நாவலுக்கே கிடைத்தது. நடுவர்கள் யாரும் பஸ்ஸில் போய்ப் பார்த்திருக்கவில்லை.

கட்டுரைகளிடமும் அவர் கருணை காட்டியதில்லை. பெரிதும் மதிக்கப்பட்ட ஒரு தொகுப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு இப்படி முடித்தார்: “ஏழு கட்டுரைல அழுவுறாரு. எட்டாவது எழ்தறதுக்கு முன்னாடி கண் டாக்டர பாக்கறது நல்லது.” பாராட்டுக் கூட்டங்களுக்கு எழுத்தாளர்கள் வருவது அதன்பிறகு சற்றுக் குறைந்தது.

வந்தவர்களில் ஒருவர் நசீமா. பூந்தமல்லியில் தன் அத்தாவின் மரச்சாமான் கடையைக் கவனித்துக்கொண்டே கவிதை எழுதுபவர். முதல் தொகுப்பு குறும்பட்டியலில் வந்ததும் புத்தகத்தோடு துரைக்கண்ணுவிடம்தான் போனார்.

“சார், ரெண்டாம் பதிப்பு போடுறாங்க. தேறாதத எடுத்துட்டுத்தான் அனுப்பப் போறேன். தயவு பாக்காம சொல்லுங்க.”

“நானு இன்னிக்கி வரைக்கும் யாருக்கும்மா தயவு பாத்தேன்?”

பொதுவாக ஒரு புத்தகத்துக்கு நான்கு நாள் எடுப்பவர், இதற்கு மூன்று வாரம் எடுத்தார். கூட்டத்தன்று எழுந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, புத்தகத்தை பெஞ்சின் மேல் வைத்தார்.

“இதுல சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல” என்று உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் சிரித்தது. நானும்தான். நசீமா மட்டும் கேட்டார்: “ஒண்ணுகூடவா இல்ல சார்?”

“ஒண்ணுகூட இல்லம்மா. மூணு தபா பாத்துட்டேன்.”

நசீமா போண்டாவுக்கு நிற்கவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை, அதற்கடுத்த மாதமும் வரவில்லை. மண்ணூர்பேட்டை பஸ் நிறுத்தத்தில் துரைக்கண்ணு என்னைப் பிடித்துக்கொண்டார். “அந்தப் பொண்ணு ஏம்பா வர்றதில்ல? நான் நல்லாத்தான சொன்னேன்?” கிண்டலைத் தொடர்கிறார் என்று நினைத்து, “ரொம்ப நல்லாவே சொன்னீங்கண்ணே” என்றேன். அவர் நிம்மதியாக பஸ் ஏறினார்.

இரங்கல் கூட்டத்துக்கு நசீமா வந்திருந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நாங்கள் ஒவ்வொருவராக எழுந்து துரைக்கண்ணுவின் கடுமையைப் புகழ்ந்தோம். என் முறை வந்தபோது, ஒரு கவிதைத் தொகுப்பையே ஒரே வரியில் அவர் வீழ்த்திய கதையை, தொகுப்பின் பெயரைத் தவிர்த்து, சொன்னேன். அவரோடு கம்பெனியில் வேலை பார்த்த பாலு என்பவர் முன்வரிசையில் இருந்தார். இலக்கியத்துக்குச் சம்பந்தமில்லாதவர். சட்டென்று குறுக்கிட்டார்.

“இன்னா சார் சொல்றீங்க? ‘சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல’ன்னாரா? அண்ணாத்தேவா?”

“ஆமாம்.”

“யோவ், அது திட்டு இல்லய்யா! பழுது இருந்தாத்தான் சீட்டு கட்டுவாங்க. நல்ல பீஸ்ல இன்னாத்த கட்றது? அது நேரா லாரிக்குப் பூடும். முப்பது வருசத்துல அந்த வார்த்தைய அவரு வாயால ரெண்டு தபாதான் கேட்டுக்கீறேன். ஒண்ணு, ஜெர்மனிக்குப் போன ஒரு பீஸு. இன்னொண்ணு, கேன்டீன்ல ஒரே ஒரு நாள் போட்ட பிரியாணி.”

கடைசி பெஞ்சிலிருந்து நசீமா கேட்டார்: “அப்போ ஒண்ணுகூட இல்லன்னு சொன்னாரே, அது?”

“ஒரு பழுதுகூட இல்லன்னு அர்த்தம்மா. ஏன், உனுக்கு யாரும் சொல்லலியா?”

நசீமா கைப்பேசியை எடுத்துக்கொண்டு, பதிப்பாளரை அழைத்து, “அச்சுக்குப் போயிடுச்சா?” என்று கேட்டபடியே படிக்கட்டுக்குப் போனார்.

துரைக்கண்ணுவின் மகள் அவருடைய புத்தகங்களை மூன்று சாக்குகளில் கட்டி எங்கள் வட்டத்துக்கே கொடுத்துவிட்டாள். நான் எனக்கென்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். நசீமாவின் தொகுப்பு, முதல் பதிப்பு. உள்ளே சீட்டு இல்லை, பென்சில் கோடு இல்லை. புரட்டிப் புரட்டித் தாள்களின் முனை மட்டும் மழுங்கியிருக்கிறது.

இரண்டாம் பதிப்பு போன வாரம் கடைகளுக்கு வந்தது. முதல் பதிப்பில் அறுபத்திரண்டு கவிதைகள். இதில் நாற்பத்தொன்று.