இரண்டு மணிக்கு மூடிய வேட்புமனு

ஒனேஸிம் சவ்வாவை நல்ல மேயர் என்று எளிதில் சொல்லிவிட மாட்டேன். பதினெட்டு வருடம் அவரோடு ஒரே கட்டடத்தில் எழுத்தராக வேலை பார்த்தவன் நான். கவுன்சில் கூட்டத்தை ஜன்னலோரம் நின்றபடியே நடத்துவார். பாதியில் வண்டிச் சாவியோடு காணாமல் போவார்.

பனி வாரும் வண்டி ஓட்டியவர். நாற்பது வயதில் கிராமக் கவுன்சிலுக்கு நின்றார், பிறகு கிராமத்துக்கு மேயரானார். ஐந்து கிராமங்களைச் சேர்த்து ஒரே வட்டார நகராட்சி ஆக்கியபோது அதன் முதல் மேயரும் அவரே. அன்றோடு இருந்த கொஞ்ச அமைதியும் போயிற்று. மேல்கரை ஊர் ரோட்டைச் செப்பனிட்டால் கீழ்க்கரை ஊரிலிருந்து போன் வரும். ஐந்து ஊரிலும் ஒரே நாளில் தலைகாட்டினால்தான் அவருக்குத் தூக்கம். எதையாவது சரிசெய்யப் போகிறாரா, தன்னை யாரும் மறந்துவிடவில்லையே என்று பார்த்துவரப் போகிறாரா என்பது எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

"மூணாவது தடவையே இதுதான் கடைசின்னாரு," என்றாள் அவர் மனைவி இவெத் ஒருமுறை. "வீட்ல இருந்தா மட்டும் என்ன, ஃப்ரிட்ஜைத் தெறந்து தெறந்து மூடுவாரு."

அவர் ஐந்தாவது தடவை நிற்கவிருந்தபோது வேட்புமனு வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஏப்ரல் மாதம், வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டு மணி கடைசி. அவரை எதிர்த்து மேயர் பதவிக்கு நின்ற, பள்ளிப் பேருந்து ஓட்டும் ஸெலியா துவாரோன் காலையிலேயே மனுவைக் கொடுத்துவிட்டாள். ஒனேஸிமின் மனு, இருபத்தைந்து பேர் கையெழுத்தோடு, அவர் வண்டிக்குள் கிடந்தது.

அன்று ஆற்றில் பனிக்கட்டி உடைந்து, கீழ்க்கரைப் பாலத்தில் முட்டிக்கொண்டு நின்றது. அவர் அங்கே போனார். போகவேண்டிய அவசியமே இல்லை. நகராட்சியில் ரோடு, பாலம் பார்க்கும் ரோசேரும் அவன் ஆட்களும் முப்பது வருடமாக அதைச் சமாளிப்பவர்கள்.

ஆற்றுக்கு அக்கரை கியூபெக், வேறு மாகாணம். அங்கே கடிகாரம் எங்களைவிட ஒரு மணி நேரம் பின்னால். கீழ்க்கரையில் நின்றால் போன் அக்கரை செல்போன் கோபுரத்தைப் பிடித்து அந்த நேரத்தைக் காட்டும். அதனால் கீழ்க்கரைக்காரர்கள் போனில் மணி பார்ப்பதில்லை. ஒனேஸிம் மேல்கரைக்காரர், போனையே நம்பினார்.

"மனு குடுத்தாச்சா மேயரே?" என்று பாலத்திலிருந்து ரோசேர் கத்தியிருக்கிறான்.

"நேரம் கெடக்குடா. நீ ஐஸைப் பாரு, என் மூஞ்சியப் பாக்காதே."

மார்ச்சில் ஒரு மணி நேரம் முன்தள்ள வேண்டிய வண்டிக் கடிகாரமும் குளிர்கால நேரத்திலேயே கிடந்ததால் அதே பொய்யைச் சொன்னது.

என் அறைக்கு வந்தபோது மணி இரண்டு இருபது. பூட்ஸெல்லாம் சேறு.

"லியோன்ஸ், இந்தா."

"மூடியாச்சு, ஒனேஸிம்."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். போனைப் பார்த்தார். இப்போது இரண்டும் ஒத்துப்போயின.

"பாலத்துல நின்னேன்யா! ஊர் வேலையாத்தானே நின்னேன்?"

"தெரியும். சட்டத்துல அதுக்கு எடம் இல்ல."

தன் பெயர் பட்டியலில் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்திருந்த ஸெலியா, "வாங்கிக்கோங்க லியோன்ஸ், நான் வாயே தெறக்க மாட்டேன்," என்றாள். "போட்டியில்லாம ஜெயிச்சா பஸ்ல ஏறுற வாண்டுங்ககூட கேலி பண்ணும்."

வாங்கவில்லை. வாங்கியிருந்தால் அடுத்து வரும் தாமதத்தை எந்தக் காரணம் சொல்லி மறுப்பேன்?

வெளியே போனார். திரும்பி வந்தார். "கவுன்சிலர் பதவிக்கு?"

"அதுக்கும் ரெண்டு மணிதான்."

மறுபடி போனார், மறுபடி வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அப்போ நான் யாரு?"

"ஜூன் வரைக்கும் நீங்கதான் மேயர்."

"அதுக்கப்புறம்?"

நான் பேனாவை மூடினேன்.

அவர் போன் அடித்தது. ரோசேர். பனிக்கட்டி நகர்ந்துவிட்டது, தண்ணீர் கீழ்த்தெருவுக்குள் வருகிறது, ஆறு வீட்டில் ஆட்கள் கிளம்ப மறுக்கிறார்கள்.

"நானும் வரேன்," என்றாள் ஸெலியா.

"எதுக்கு? இன்னும் உன்னை யாரும் பதவியில உக்கார வைக்கல."

"பஸ்ஸு என்கிட்டதானே இருக்கு. ஆளுங்களை எதுல ஏத்துவீங்க, உங்க மடியிலயா?"

அவர் வண்டிச் சாவியோடு படியிறங்கினார். பேருந்து பின்னால் வருகிறதா என்று ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லையாம். எந்த வீட்டுக் கிழவர் எதைச் சொன்னால் கிளம்புவார் என்று மட்டும் வழியெல்லாம் போனில் அவளுக்குக் கத்திக்கொண்டே போனாராம்.