ரிம்மில் படிந்த கரி

வெள்ளிக்கிழமைதோறும் என் மனைவி காரின் சக்கர ரிம்களைத் துடைத்துச் சந்தனப் பொட்டு வைப்பாள். பிரேக் தூசி கரியாக ஒட்டியிருக்கும். முழங்கால் வலியோடு குந்தித் தேய்ப்பாள். பல வருடங்கள் அதைப் பார்த்துக்கொண்டே நாளிதழ் படித்திருக்கிறேன். அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் கிள்ளான் நகரில் ஒரு கார் உதிரிபாகக் கடையில் தூசி குறைந்த பிரேக் பேட் கேட்டேன்.

“செராமிக் இருக்கு அங்கிள். ரிம் கறுக்காது. ஆனா காலையில பேட் சூடாகற வரைக்கும் பிரேக்கக் கொஞ்சம் அழுத்தி மிதிக்கணும் லா.”

“பரவாயில்ல, மிதிச்சுக்கறேன்.”

இந்த வெள்ளிக்கிழமை அவள் துடைத்த துணி வெள்ளையாகவே இருந்தது.

“என்னங்க, காரை எடுக்கவே இல்லையா?”

“தினமும் எடுத்தேன். உனக்காக பேட் மாத்திட்டேன்.”

“இப்பதான் கண்ணு தெரிஞ்சுதா?”

இத்தனை வருடத்தில் அவள் சொன்ன ஒரே குறை அது. சிரித்தபடி பொட்டு வைத்தாள். நன்றியோடு, அவள் எழுந்திருக்கக் கை கொடுத்தேன்.