கவ்வாத்துச் சாமியின் முகம்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் எந்த வேலையிலும் ஒரு வருஷம் சேர்ந்தாற்போல் நின்றதில்லை. கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். இறம்பொடையில் ஓர் ஓட்டல் கட்டியபோது கல் சுமந்தேன். நோட்டன் பிரிட்ஜில் கோயில் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் அந்தச் சிலைக்காரரைச் சந்தித்தேன். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். தோட்டம் தோட்டமாகப் போய்ச் சீமெந்தில் சாமி செய்துகொடுப்பவர். அவருக்குக் கலவை போட ஆள் வேண்டியிருந்தது. எனக்குப் படுக்க இடம் வேண்டியிருந்தது. சேர்ந்துகொண்டோம்.

மற்ற சிலைக்காரர்கள் காலண்டர் படத்தைப் பார்த்துச் சாமி செய்வார்கள். இவர் அப்படிச் செய்யமாட்டார். ஒரு தோட்டத்துக்குப் போனால் முதல் இரண்டு நாளும் சும்மா திரிவார். காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்கள் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும்போது ஓர் ஓரமாக நின்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். பிடித்த முகம் கிடைத்ததும் அந்த ஆளைக் கூப்பிட்டுக் கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் நிற்கவைப்பார். பேரைக் கேட்கமாட்டார். ஊர், உறவு எதையும் கேட்கமாட்டார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “பேரு தெரிஞ்சா அந்த ஆளத்தான் செய்வேன். சாமியச் செய்ய முடியாது” என்றார்.

நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கவ்வாத்துச் சாமிக்குச் சிலை வேண்டும் என்று கூப்பிட்டார்கள். தேயிலைச் செடியின் கிளைகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டத் தொடங்கும் முன்னால் ஆண்கள் கத்தியை வைத்துக் கும்பிடும் சாமி அது. அங்கே அதுவரை மரத்தடியில் ஒரு கல்தான் இருந்தது. முந்தின வருஷம் அதே மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த ஒருவரைக் குளவி கொட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அவர் இறந்துபோனார். கல்லாகக் கிடந்ததால்தான் சாமி கவனிக்கவில்லை, உருவம் வைப்போம் என்று லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் முடிவு செய்திருந்தார்கள்.

நாங்கள் பெரட்டுக்களத்தில் நின்றபோது கொழுந்தெடுக்கும் பெண்கள் சும்மா விடவில்லை.

“சாமிக்கு மூஞ்சி தேடுறாங்களாம்டி. நீ போய் நில்லு.”

“நான் நின்னா கும்புட வந்தவங்க எல்லாம் கத்தியப் போட்டுட்டு ஓடிருவாங்க.”

சிலைக்காரர் சிரித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று ஓர் இளைஞனைத் தேர்ந்தெடுத்தார். அகலமான நெற்றி, ஒட்டிய கன்னம், இடது புருவம் சற்றுத் தூக்கினாற்போல் இருக்கும். மரத்தடியில் அரை மணி நேரம் நிற்கவைத்து அனுப்பிவிட்டார். பிறகு கம்பி கட்டி, கலவை ஏற்றி, எட்டு நாளில் உருவத்தை எழுப்பினோம். முகத்தை மட்டும் மூன்று நாள் செய்தார். சாமி இளசாக இருக்கக் கூடாது என்று பத்து வயது கூட்டினார். மீசையைத் தடிப்பாக்கினார். கண்ணுக்குக் கீழே கொஞ்சம் சதை வைத்தார். மழைக்குப் போட்டிருந்த கூடாரத் தகரத்தைத் தூக்கி, பகல் வெளிச்சத்தில் அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கே கைகூப்பத் தோன்றியது. அவரோடு அலைந்த காலத்தில் அப்படி ஒரு முகத்தை அவர் செய்து நான் பார்த்ததில்லை.

அன்று மாலை வேலை முடிந்து வந்த ஆட்கள் சிலையைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். யாரோ ஒருவர் விம்மினார். முகம் கொடுத்த இளைஞன் முன்னால் வந்து சிலையின் காலைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, அண்ணே” என்று அழுதான். அப்போதுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. குளவி கொட்டி இறந்தவரின் தம்பி அவன். தம்பியின் முகத்தில் பத்து வயதையும் மீசையையும் ஏற்றியதும் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார்.

கோயிலுக்குப் பொறுப்பாக இருந்த தலைவர் சிலைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். “பாக்காத ஆள எப்படிங்க செஞ்சீங்க? அவர்தான் சாமியா வந்து ஒங்க கையில எறங்கியிருக்காரு.” வெள்ளிக்கிழமை கண் திறப்பு என்று அங்கேயே முடிவாகியது. கண்ணுக்குக் கருவிழி தீட்டும்வரை அது சீமெந்து. தீட்டியபிறகு சாமி. அதன்பின் யாரும் உளியை வைக்க முடியாது.

மறுநாள் பத்து மணித் தேத்தண்ணி நேரத்தில் ஒரு பெண் கூடாரத்துக்கு வந்தார். முதுகில் கூடை. கையில் ஒரு கேனில் பால் கலக்காத சாயத்தண்ணி. எங்களுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சிலைக்குப் பக்கவாட்டில் நின்றார். நேரே பார்க்கவில்லை.

“நான்தான் அவரு பொஞ்சாதி” என்றார்.

சிலைக்காரர் எழுந்து நின்றார். அந்தப் பெண் ஏதோ நன்றி சொல்ல வந்திருப்பதாகத்தான் நானும் நினைத்தேன்.

“அண்ணே, இந்த மூஞ்சிய மாத்திருங்க.”

“ஏம்மா? எல்லாரும்...”

“எல்லாருக்கும் நல்லவருதான். தம்பிக்கு நல்ல அண்ணன். எனக்குத் தெரிஞ்சது வேற ஆளு.” இடது கையை நீட்டினார். மணிக்கட்டுக்கு மேல் எலும்பு ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டிருந்தது. “இது சரியா கூடல. கொழுந்து எடுக்கிறப்ப இன்னும் இழுக்குது. அடிக்கிற நேரம் முன்னாடி வரமாட்டாரு. பின்னாடிதான் வருவாரு.”

கையை இறக்கிக் கூடைக் கயிற்றைச் சரிசெய்துகொண்டார்.

“இந்த மலையில தேயில நெரையில மேல ஏறுறப்ப எங்க முதுகு இந்தப் பக்கம்தான் இருக்கும். அந்தக் கண்ணு தொறந்துருச்சுன்னா எனக்கு இங்க வேல செய்ய முடியாதுங்க. வேற வேலையும் எனக்குத் தெரியாது. லயத்துல வாயத் தொறந்து சொல்லவும் முடியாது. சாமியாகிட்டாரு, இப்பயும் கொற சொல்றாளான்னு கேப்பாங்க.”

“யோசிக்கிறேன்” என்றார் சிலைக்காரர்.

“வெள்ளிக்கெழம வரைக்கும்தானே யோசிக்கலாம்” என்று சொல்லிவிட்டு, கோப்பைகளை வாங்கிக் கழுவி எடுத்துக்கொண்டு மலைக்கு ஏறினார்.

சிலைக்காரர் அன்று முழுக்க வேலை செய்யவில்லை. சிலைக்கு முன்னால் ஒரு சாக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தார். “இப்படி ஒரு மூஞ்சி எனக்கு இனிமே வராது” என்று ஒருமுறை சொன்னார். எனக்கு என்ன தெரியும்? கலவை போடுகிறவன் நான்.

மறுநாள் ஆட்கள் எல்லாரும் மலையில் இருந்த நேரத்தில் உளியை எடுத்தார். முதலில் தட்டியது அந்த இடது புருவத்தை. பிறகு மூக்கு. கன்னம். நான் தகரத்தைச் சுற்றிக் கட்டிவிட்டுக் கலவை போட்டேன். புது முகத்துக்கு அவர் யாரையும் தேடவில்லை. நெற்றியைக் குறுக்கினார், கன்னத்தை நிரப்பினார், இமையைத் தாழ்த்தினார். அந்தச் சாமி தன் காலடியைத்தான் பார்க்கும்.

மாலையில் தலைவர் வந்து பார்த்துவிட்டுக் கத்தினார். “என்னாங்க செஞ்சு வச்சிருக்கீங்க? அவரு எங்க?”

“வெடிச்சிருச்சு” என்றார் சிலைக்காரர். “பனியில வெடிச்சிருச்சு. பேத்துட்டுத் திரும்ப வச்சேன்.”

“நேத்து நல்லாத்தானே இருந்துச்சு! யாரு கலவ போட்டது?”

சிலைக்காரர் தரையைப் பார்த்தார். என்னைக் காட்டவுமில்லை, இல்லை என்று சொல்லவுமில்லை.

“நான்தான்” என்றேன். “மணலு கூடிப்போச்சு.”

அதன்பிறகு நான் கேட்ட வார்த்தைகளை இங்கே எழுத வேண்டியதில்லை. இளைஞன் மட்டும் திட்டவில்லை. அவன் கீழே கிடந்த சீமெந்துத் துண்டுகளைப் புரட்டிப் பார்த்தான். மூக்கின் ஒரு பாதி கிடைத்தது. அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். அவன் போவதைப் பார்த்தபோது, நாங்கள் செய்தது சரி என்று முழு மனதாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை கண் திறந்தது. நான் அங்கே இல்லை. கலவை கெடுத்தவன் நிற்கக் கூடாது என்று முந்தின நாளே அனுப்பிவிட்டார்கள். சிலைக்காரரோடு அதற்குப் பிறகும் இரண்டு தோட்டங்களில் வேலை செய்தேன். அந்தக் கலவைப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஆனால் பெரட்டுக்களத்தில் ஒரு முகம் பிடித்துவிட்டால், பேரைக் கேட்பார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றும் கேட்பார். சிலைகள் முன்னைப் போல வரவில்லை. அவரே சொல்வார்.

போன மாசம் பொகவந்தலாவைக்கு ஒரு வேலைக்காகப் போனபோது வழியில் இறங்கி அந்தத் தோட்டத்துக்கு ஏறினேன். சாமிக்கு யாரோ புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பூ வைத்திருந்தது. பக்கத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னை அடையாளம் காணாமல், “இது தூங்குற சாமிங்க. முன்னாடி இருந்த மூஞ்சி உசுரோட இருந்துச்சு. எவனோ கலவையக் கெடுத்துட்டான்” என்றார். நான் தலையாட்டினேன்.

மேலே நிரையில் பெண்கள் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். நாலாவது நிரையில், அன்று கூடாரத்துக்கு வந்த அந்தப் பெண்ணைக் கண்டேன். இடது கை கொஞ்சம் மெதுவாகத்தான் போனது. பக்கத்து நிரைக்காரியிடம் ஏதோ சத்தமாகச் சொல்லிச் சிரித்தார். நான் அங்கே நின்ற நேரம் முழுக்கச் சாமிக்கு முதுகைக் காட்டித்தான் நின்றார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.