கொறற்றிக்கு ஆகாத நாடு

பீலெஃபெல்டில் இருக்கிற தமிழ்ச் சனத்துக்குப் பிரான்சைப் பற்றி ஏதும் அறிய வேண்டுமென்றால் கொறற்றியிடம்தான் கேட்க வேண்டும். பாரிசில் எந்தத் தெருவில் குப்பை அள்ளாமல் நாறுகிறது, எந்தப் பக்கத்தில் கார் எரிகிறது, மஞ்சள் சட்டை போட்ட போராட்டக்காரர் எந்தச் சந்தியை மறித்தார்கள், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். இத்தனைக்கும் அவள் பிரான்சுக்குப் போனது இரண்டே இரண்டு தரம். ஒன்று கலியாணம், மற்றது செத்தவீடு. இரண்டு தரமும் பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில் சேலை எடுத்துக்கொண்டு, ஒரு கோப்பி கூடக் குடிக்காமல் திரும்பி வந்தவள். ஆனாலும் கேட்டுப் பாருங்கள், சொல்லுவாள்.

"உழைக்கிற சனமே அது? காலமை எழும்பினால் ஊர்வலம், பின்னேரம் நெருப்பு. நடுவில ரெண்டு மணித்தியாலம் சாப்பாடு."

இது சுருக்கமான பதிப்பு. விரிவானதும் உண்டு. ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து கோப்பி குடிக்கிற இடத்தில் அவளிடம் அகப்பட்டால் முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம்.

இந்த ஞானமெல்லாம் அவளாகத் தேடிச் சேர்த்தது என்று நினைத்துவிட வேண்டாம். பாதியை ஜெர்மன் தொலைக்காட்சி கொடுத்தது. மீதியைக் கொடுத்தவள் ஹைக்கே என்ற ஜெர்மன்காரி. கொறற்றி வேலை செய்கிற முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்குக்கும் பெரிய பானைகளுக்கும் பொறுப்பானவள். "பென்சனுக்கு ரெண்டு வருசம் கூட வேலை செய்யச் சொன்னதுக்கு அவங்கள் ஊரையே கொளுத்துறாங்கள். நாங்கள் அறுபத்தேழு வயசு மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு நிக்கிறம்" என்று ஹைக்கே ஜெர்மன் மொழியில் சொல்லிச் சிரிப்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, அடுத்த பானையைத் தூக்குவார்கள். இதே ஹைக்கே ஒவ்வொரு கோடைக்கும் புருஷனையும் கூட்டிக்கொண்டு பிரெஞ்சுக் கடற்கரைக்குத்தான் போவாள். வந்தபிறகு ஒரு மாதம் அந்தப் பாணையும் பாற்கட்டியையும் பற்றியே கதை. "அவங்களுக்குச் சீவிக்கத் தெரியும்" என்று பெருமூச்சு வேறு. கொறற்றிக்கு இது விளங்காமல் இல்லை. விளங்கி என்ன, தனக்குத் தேவையான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

ஏன் தேவைப்பட்டது என்று சொல்கிறேன். கொறற்றி யாழ்ப்பாணத்துப் பாஷையூர்க்காரி. எண்பதுகளின் நடுவில், முன்னமே வந்திருந்த புருஷன் சூசைதாசனிடம் கிழக்கு பெர்லின் வழியாக வந்து சேர்ந்தாள். கொஞ்சக் காலத்தில் தங்கை பிளோறன்ஸையும் கூப்பிட்டார்கள். ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் பிள்ளையைப் பாரிசில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, "இங்கயிருந்து கிட்டத்தான்" என்று சொல்லிவிட்டு மாயமாகிவிட்டான். கிட்டத்தான்! அகதிக்குக் கிட்ட என்ன, தூர என்ன, எல்லை எல்லைதானே. பிளோறன்ஸ் அங்கேயே அகதியாகப் பதிந்தாள். அங்கேயே வேலை, அங்கேயே கலியாணம். அன்று தொடக்கம் கொறற்றிக்குப் பிரான்ஸ் என்றால் தன் தங்கையைப் பிடித்து வைத்திருக்கிற நாடு.

சூசைதாசன் இருந்த வரைக்கும் அந்தக் கோபம் ஒரு பகிடியாகத்தான் ஓடியது. அவர் போய்ச் சேர்ந்தார். மகன் லக்ஸன் வேலை என்று ஹம்பேர்க்குக்குப் போனான். மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து, சாப்பிட்டு, டப்பாக்களில் கறியும் கட்டிக்கொண்டு போவான். வேலையால் வந்து கதவைச் சாத்தினால் அடுத்த நாள் காலை வரைக்கும் கொறற்றியோடு பேச வீட்டில் ஒரு ஆள் இல்லை. அங்கே பிளோறன்ஸும் தனி. அவளுடைய புருஷன் பேனாட்டும் போய்விட்டார், மகள் எவ்லின் கனடாவில். இரண்டு தனி மனுசிகளுக்கு எதற்கு இரண்டு வீடு? லக்ஸனின் அறை சும்மாதானே கிடக்கிறது. கொறற்றி அந்த அறைக்குப் புதிதாகப் பெயின்ற் அடிப்பித்தாள், புதுக் கட்டில் போட்டாள், யன்னலுக்குத் திரை தைத்தாள்.

ஆனால், "எனக்குத் தனிய இருக்க ஏலாது, வா" என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை. மூத்தவள் அல்லவா! மூத்தவள் தங்கையைக் காப்பாற்றலாம். தங்கையிடம் போய்க் கேட்கலாமா? ஆகவே பிரான்ஸ் எரிய வேண்டியிருந்தது.

எரிகிறபோதெல்லாம் கொறற்றி ஃபோன் எடுப்பாள். இரண்டாயிரத்து இருபத்து மூன்று கோடையில், பொலிஸ் ஒரு பொடியனைச் சுட்டு, பாரிசின் புறநகரெல்லாம் கொந்தளித்தபோது நாளுக்கு மூன்று தரம் எடுத்தாள்.

"எடியே, யன்னலைப் பூட்டினியோ?"

"பூட்டேல்லை அக்கா, வெக்கையாக் கிடக்கு. நான் கீழ போய்ப் பாண் வாங்கிக்கொண்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறன். நீ எந்தப் பாரிசைப் பாத்துக் கத்துறாய்?"

"நெருப்பைக் கண்ணால காணுறன்!"

"நெருப்பு மெய்தான். எங்கட பக்கத்திலயும் கார் எரிஞ்சதுதான். பிள்ளையைச் சுட்டால் சனம் கோபிக்காதே?"

"கோபிக்கிறதுக்கு ஒரு முறை இருக்கு. இங்க எண்டால் முறைப்பாடு எழுதிக் குடுப்பினம்."

"குடுத்து?"

கொறற்றி ஃபோனை வைத்துவிட்டாள்.

அரித்து அரித்து, கடைசியில் பிளோறன்ஸ் இறங்கி வந்தாள். தை பிறக்க வருகிறேன், இரண்டு கிழமை நிற்கிறேன் என்றாள். இரண்டு கிழமை என்றது கொறற்றியின் காதில் விழவே இல்லை. தங்கை பிரான்சை விட்டு வந்துவிட்டாள் என்று கோவிலில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. போதாததற்கு, கீழ்வாசலில் அழைப்புமணிக்குப் பக்கத்தில், தன் பெயருக்குக் கீழே தங்கையின் பெயரையும் எழுதி ஒட்டினாள். ஜெர்மனியில் மணியில் பெயர் ஏறினால் அந்த வீட்டு ஆள் என்று அர்த்தம்.

பிளோறன்ஸ் வந்து இறங்கிய நாளைப் பார்த்தீர்களா! ஸ்ரேஷனில் டாக்சி ஏறினால், டாக்சி நகரவில்லை. முன்னால் டிராக்டர், அதற்கு முன்னால் டிராக்டர், கண்ணுக்கு எட்டிய மட்டும் டிராக்டர். ஜெர்மன் விவசாயிகள் அரசாங்கத்தோடு கோபித்துக்கொண்டு நாடு முழுக்க வீதியை மறிக்கத் தொடங்கியிருந்தார்கள். பிளோறன்ஸுக்கு வாயெல்லாம் பல்.

"அக்கா, இது என்ன? எங்கட பிரான்ஸ் ஆக்கள் எனக்கு முதலே வந்திட்டினமோ?"

"சும்மா இரடி. இது வேற. இது அனுமதி எடுத்துச் செய்யிறது. பார், எப்பிடி வரிசையா நிக்கினம் எண்டு."

டாக்சிக்காரன் மீற்றரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வரிசை அழகாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சேர ஒரு யுகம் எடுத்தது. வாசலில் தன் பெயரைக் கண்டு பிளோறன்ஸ் நின்றுவிட்டாள்.

"ரெண்டு கிழமைக்கு வந்தவளுக்கு மணியில பேர் எதுக்கு?"

"தபால்காரனுக்கு" என்றாள் கொறற்றி.

அடுத்து வந்த நாட்களில் ஜெர்மனியின் ஒழுங்கைக் காட்டும் வேலை நடந்தது. எந்தக் குப்பை எந்த நிறத் தொட்டிக்குள், ஞாயிற்றுக்கிழமை ஏன் ஆணி அடிக்கக்கூடாது, ஆள் இல்லாத வீதியிலும் சிவப்புக்கு ஏன் நிற்க வேண்டும். பிளோறன்ஸ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பின்னேரமானால் அவளுடைய ஃபோன் அடிக்கும். பாரிசில் அவளுக்கு மேல்வீட்டு ஃபத்தூ, மாலி நாட்டுக்காரி. இரண்டு பேரும் பிரெஞ்சில் கத்திக் கத்திச் சிரிப்பார்கள். ஒரு சொல்லும் விளங்காமல் கொறற்றி பாத்திரங்களைத் தேவைக்கு அதிகமாகத் தேய்ப்பாள்.

"நல்ல சிநேகிதியோ?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"எங்க! வாறதுக்கு முதல் நாளும் அவளோட பெரிய சண்டை. அவளின்ர பேரன் தலைக்கு மேல பந்தடிக்கிறான்."

"சண்டை பிடிச்சவளோடயோ இந்தச் சிரிப்பு?"

"சண்டை பிடிக்காமல் எப்பிடியக்கா ஒரே கட்டடத்தில இருக்கிறது?"

கொறற்றி கீழ்வீட்டுக்காரரை நினைத்துப் பார்த்தாள். எவ்வளவோ காலமாக ஒரே படியில் ஏறி இறங்குகிறார்கள். ஒரு சண்டை கிடையாது. அவருக்குப் பிள்ளை குட்டி இருக்கிறதா என்பதுகூட அவளுக்குத் தெரியாது. சூசைதாசனைப் பெட்டியில் வைத்து இறக்கிய அன்று வழிவிட்டு நின்று, வணக்கம் சொன்னார். அவ்வளவுதான்.

போகிற நாள் கிட்ட வந்தது. கொறற்றி நண்டு வாங்கி வந்து குழம்பு வைத்தாள், அடுத்த நாள் கணவாய்க் கறி. தங்கை பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். அந்த நேரம் பார்த்து மாதா கண் திறந்தாள். ஜெர்மன் ரயில் சாரதிகள் வேலைநிறுத்தம் என்று வானொலி சொன்னது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, அடுத்த திங்கள் பின்னேரம் வரைக்கும்!

"பார் அக்கா, உங்கட ஒழுங்கான நாட்டில கிறேவ்" என்று சிரித்தாள் பிளோறன்ஸ். ஸ்ட்ரைக்கைப் பிரான்சுத் தமிழர் அப்படித்தான் சொல்லுவார்கள்.

கொறற்றி எழும்பிப் போய் மடுமாதா படத்துக்கு முன்னால் பெரிய மெழுகுதிரியாகப் பார்த்து ஒன்று கொளுத்தினாள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் ஹைக்கே கொதித்துக்கொண்டிருந்தாள்: "வெக்கம்! நாங்களும் பிரான்ஸ் மாதிரி ஆகிறம்." கொறற்றி கரட் வெட்டியபடி, "பாவங்கள், அவைக்கும் குடும்பம் இருக்கெல்லோ" என்றாள். ஹைக்கேயின் கையிலிருந்த அகப்பை அந்தரத்தில் நின்றது.

அந்த நாட்களைப் போல நாட்கள் கொறற்றிக்குப் பல காலமாக வாய்க்கவில்லை. இருவரும் கூழ் காய்ச்சினார்கள், உப்புக்குச் சண்டை பிடித்தார்கள், லக்ஸனுக்கு ஃபோன் போட்டு அவன் இன்னும் கலியாணம் முடிக்காததற்கு மாறி மாறி ஏசினார்கள். செய்தியில் இப்போது பிரெஞ்சு விவசாயிகளும் டிராக்டரோடு பாரிசைச் சுற்றி வளைக்கப் புறப்பட்டிருந்தார்கள். முன்பென்றால் கொறற்றி ஒரு பிரசங்கமே வைத்திருப்பாள். இப்போது, "வடிவா மறிக்கட்டும்" என்று மட்டும் முணுமுணுத்தாள்.

திங்கள் விடிந்தது. பின்னேரம் வரைக்கும் இருக்கிறது என்று நினைத்துக் கொறற்றி அப்பத்துக்கு மாக் கரைத்துக்கொண்டு நின்றாள். பிளோறன்ஸ் ஃபோனைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, கிறேவ் ராவோட முடிஞ்சிட்டுதாம். பேச்சுவார்த்தைக்கு ஒத்துக்கொண்டிட்டினம். மத்தியானம் ஒரு ரயில் கிடக்கு."

கொறற்றியின் கையில் இருந்த சட்டி டக்கென்று மேசையில் விழுந்தது.

"ஏன் முடிச்சவங்கள்? திங்கள் பின்னேரம் மட்டும் எண்டு சொல்லிப்போட்டு என்னத்துக்கு முடிச்சவங்கள்? கண்டறியாத பேச்சுவார்த்தை! ஒரு ஸ்ட்ரைக்கை ஒழுங்காச் செய்யத் தெரியாத சனம்! பிரான்ஸ்காரன் எண்டால் விடுவானே? ஈஸ்டர் மட்டும் இழுத்திருப்பான்! அவன் மனுசன்!"

பிளோறன்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு பொத்தாமல் விழுந்து விழுந்து சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினாள். கொறற்றி அப்பமாவுக்கு மேலே குனிந்து நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"அக்கா... இதுக்கோ இவ்வளவு காலமும் பிரான்சைத் திட்டினனி?"

கொறற்றி மூக்கை உறிஞ்சினாள்.

"வேணுமெண்டதை வாயைத் திறந்து கேளன். கேட்டால் நான் ஓம் எண்டும் சொல்லலாம், ஏலாது எண்டும் சொல்லலாம். கேக்காட்டி நான் என்னத்தைச் சொல்லுறது?"

கேட்பதா! கொறற்றி கேட்டுப் பழகியவளா? அகதி அலுவலகத்தில் கொடுத்ததை வாங்கினாள். சமையலறையில் சொன்ன நேரத்துக்குப் போனாள். புருஷன் செத்தபோதும் லீவு கூடக் கேட்கவில்லை; அவர்களாகத் தந்த அந்த இரண்டு நாளுக்கு நன்றி சொன்னாள். அப்படி இருந்த மனுசி கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"போகாதை, பிளோறன்ஸ். எனக்குத் தனிய இருக்கப் பயமாக் கிடக்கு. நான் விழுந்து செத்தாலும் இங்க ஒருத்தரும் கதவைத் தட்டமாட்டினம்."

பிளோறன்ஸ் வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "இங்க என்னால இருக்க ஏலாதக்கா. இந்த ரெண்டு மூண்டு கிழமையிலேயே எனக்கு மூச்சு முட்டிப்போச்சு. நீ வா. லீவைப் போட்டிட்டு முதல் ஒருக்கா வந்து பார். பிடிச்சால் பென்சனோட வந்திரு. ஃபத்தூ கதவைத் தட்டுற தட்டில உனக்குச் சாகவும் நேரம் இராது."

"அந்த நாட்டுக்கோ?" என்று பழக்கதோஷத்தில் வாய் தொடங்கியது. கொறற்றி அதை விழுங்கிவிட்டாள்.

"எத்தினையாம் மாடி உன்ர வீடு?"

"ஒன்பது. ஆனால் லிஃப்ட் வேலை செய்யிறேல்லை. மூண்டு மாசமாச் சொல்லுறம், ஆரும் திருத்துறாங்கள் இல்லை."

கொறற்றி சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தாள். 

"மூண்டு மாசமோ? அப்ப இவ்வளவு நாளும் ஏன்டி ஊர்வலம் போகாமல் இருக்கிறியள்?"