துணி சிக்கிய இடம்

என் அக்கா வீட்டுக்காரர் கால்சட்டைப் பையிலிருந்து பழைய பனியன் துணியை எடுத்து இரும்பு வடத்தைச் சுற்றிப் பிடிப்பார். பிடித்தபடியே மெல்ல நடப்பார். வடத்தில் ஓர் இழை அறுந்திருந்தாலும் துணி சிக்கிக்கொள்ளும். அத்தானுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. தொங்குகிற எதையும் அத்தான் சும்மா விட்டதில்லை. ஊஞ்சல், துணிக்கொடி, ஓட்டல் சரவிளக்கு எல்லாம் அந்தப் பனியனுக்குப் பழக்கம்.

வனப் பூங்காவுக்கு வரவே அவருக்கு இஷ்டமில்லை. மகள் கேட்டாள், அக்கா முறைத்தாள், வந்துவிட்டார். அருவிக்கு ஏறுகிற மலைப்பாதை முழுக்க "ஓரமா போகாதே", "பாசி, பாசி" என்ற பேச்சுதான். பாறையில் கால் வைக்குமுன் குடையால் தட்டிப் பார்த்தார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு. அருவிக்கு எதிரே தொங்குபாலம் தெரிந்ததும் அவர் கை கால்சட்டைப் பைக்குப் போனது.

"கொஞ்சம் இருங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்று துணியை எடுத்தார். மகளுக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். அவர் குனிந்திருந்தபோதே பாதிப் பாலம் போய், சாரலில் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்துத் துணி சிக்கியது.

அறுந்தது ஒரே ஓர் இழை. கனத்த வடம் அது. அடுக்குமாடிக்காரர்கள் பயந்துபோய் போன் செய்யும்போதெல்லாம், "ஒரு இழை போனா ஒண்ணும் ஆகாதுங்க, மத்தது தாங்கும்" என்று தைரியம் சொல்கிறவர் இவர்தான். இப்போது அந்தப் பேச்சு அவருக்கே உதவவில்லை. கூப்பிட்டால் மகள் ஓடி வருவாள், ஓடினால் பாலம் ஆடும். அதனால் கூப்பிடவும் பயம். அறுந்த இடத்தை இரு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் பிடித்தா பாலம் நிற்கப்போகிறது? அது அவருக்கும் தெரியும். ஆனாலும் இம்முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் ஓடிப்போய்ப் பூங்காக் காவலாளியிடம் சொன்னேன். போன வாரம்தான் சோதித்தார்கள், ஓர் இழை போனால் ஒன்றும் ஆகாது என்றார் அவர். அத்தான் ஊருக்கெல்லாம் சொல்கிற அதே வார்த்தை.

திரும்பி வந்தபோது மகள் ஆடி அசைந்து கரை சேர்ந்திருந்தாள். நனைந்த கையால் அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"வந்துட்டேன்ப்பா. விடுங்க, போலாம்."

"இரும்மா."

அவர் அவளைப் பார்க்கவில்லை. பாலத்தின் நடுவே யார் வீட்டுக் குழந்தையோ தாயின் விரலைப் பிடித்துத் தத்தித் தத்தி வந்துகொண்டிருந்தது. அத்தான் பிடியை இன்னும் கொஞ்சம் இறுக்கினார்.